பெயர் கேட்காத பாதை: பம்பாய்–சென்னை இருப்புப்பாதையும் மும்பைத் தமிழரும்

இந்திய ரயில்வேயின் பயணச்சீட்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இரு விரல் அகலத் தடித்த அட்டைத் துண்டாக இருந்தது. புறப்படும் நிலையம், சேரும் நிலையம், வகுப்பு, கட்டணம், ஒரு வரிசை எண் ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். தேதியைச் சீட்டு வழங்கும் சாளரத்திலிருந்த சிறு பொறி குத்தித் தரும். பயணியின் பெயருக்கு அதில் இடம் கிடையாது. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் எட்மண்ட்சன் 1830களில் உருவாக்கிய இம்முறை, சீட்டு விற்பவர் காசைக் கையாடாமல் தடுப்பதற்காகவே ஏற்பட்டது. எத்தனை சீட்டு விற்றது என்பதே அதன் கவலை. யார் வாங்கினார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை. வண்டியை விட்டு இறங்கியவர் வெளிவாயிலில் அந்த அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூன்றாம் வகுப்பில் வந்து விக்டோரியா டெர்மினஸில் இறங்கிய ஒருவர், தாம் பம்பாய்க்கு வந்து சேர்ந்ததற்கான ஒரே எழுத்துச் சான்றை வந்து சேர்ந்த கணத்திலேயே கைவிட்டார்.

பம்பாய்–சென்னை முதன்மைப் பாதையின் வரலாறு பெரும்பாலும் பொறியியல் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. சுரங்கங்களின் எண்ணிக்கை, பாலங்களின் நீளம், மலையேற்றத்தின் சரிவு விகிதம் ஆகியவை நூல்தோறும் கிடைக்கின்றன. பயணிகள் வகுப்புவாரியாகவும் சரக்கு எடைவாரியாகவும் கணக்கிடப்பட்டார்கள். இப்பாதையால் உருவான தமிழ்க் குடியிருப்புகளான தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவற்றிலிருந்து நோக்கினால் வேறொரு கேள்வி முன்னிற்கிறது: இப்பாதை எப்போது, யாரிடம், எதற்காகப் பெயர் கேட்டது?

1853 ஏப்ரல் 16 அன்று கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் முதல் பயணிகள் வண்டி போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கி.மீ. ஓடியது. பதினான்கு பெட்டிகள், ஏறத்தாழ 400 விருந்தினர், மூன்று எஞ்சின்கள். இந்த நாளைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் அந்த வண்டி கடந்த சயான் சதுப்பு நிலத்தைப் பற்றி எழுதியவர் குறைவு. சதுப்பின் மீது மண்கரை எழுப்பித் தண்டவாளம் போடப்பட்டது. அதை ஒட்டி மேற்கே, மாஹிம் கழியின் ஓரத்தில், கோலி மீனவரின் ஊராகத் தாராவி இருந்தது. பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் அதுவும் ஒன்று என 1909ஆம் ஆண்டு கெசட்டியர் குறிக்கிறது. இந்தியாவின் முதல் பயணிகள் பாதையே தாராவியின் கிழக்கு எல்லையாகவும் அமைந்தது. தமிழர் அங்கு வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர்கள் வரப்போகும் பாதை அங்கே கிடந்தது.

அந்த முதல் வண்டி ஓடிய நான்காம் நாள், ஏப்ரல் 20 அன்று, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி தமது புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். மாகாணங்களை இணைக்கும் முதன்மைப் பாதைகள் வேண்டும் என்பது அதன் சாரம். படைகளை விரைந்து நகர்த்துவதும், உள்நாட்டுப் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதும் அதன் நோக்கங்கள். முதலீட்டாளருக்கு ஐந்து சதவீத வட்டிக்கு அரசு உறுதி அளித்தது. பாதை நட்டத்தில் ஓடினாலும் அந்த வட்டி இந்திய வரிப்பணத்திலிருந்து போயிற்று. இந்தியர் ஏழைகள், சாதி பார்ப்பவர்கள், ஒரே பெட்டியில் ஏறமாட்டார்கள் என்று ஐயுற்றோர் பலர். அந்த ஐயம் விரைவில் பொய்த்தது. பயணிகள் வருவாயில் பெரும்பங்கை மூன்றாம் வகுப்பே ஈட்டித் தந்தது. எவருக்காகத் திட்டமிடவில்லையோ அவர்களே பாதையைச் சுமந்தார்கள்.

தெற்கே செல்லும் பாதைக்கு முதல் தடை போர் கணவாய். கல்யாண் 1854இல் எட்டப்பட்டது. கண்டாலாவிலிருந்து புணே வரையிலான மேட்டுநிலப் பாதை 1858இல் திறக்கப்பட்டது. இடையில் சஹ்யாத்ரி மலைச்சரிவு நின்றது. அடிவாரத்தில் இறங்கிய பயணிகள் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மேலேறி மறுபடியும் வண்டி பிடித்தார்கள். இந்த இடைவெளியை நிரப்பிய மலையேற்றப் பாதை சுமார் 25 கி.மீ. நீளம், அந்தத் தொலைவுக்குள் 1,800 அடிக்கு மேல் உயர்கிறது. 37 அடிக்கு ஓரடி ஏற்றம், இருபத்தைந்து சுரங்கங்கள், எட்டுப் பெரும் பாலங்கள். இடையே ஒரு முனைத் திருப்ப நிலையம்: அங்கே எஞ்சினை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றி, வந்த திசைக்கு எதிர்த்திசையில் வண்டி மேலேறியது. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி இதற்காகப் புகழ் பெற்றார். பாதை திறப்பதைக் காணாமல் 1862இல் இறந்தார்.

அவருடைய பெயரைப் போலவே ஒப்பந்ததாரர்களின் பெயர்களும் நமக்குக் கிடைக்கின்றன. முதல் ஒப்பந்ததாரர் வில்லியம் பேவியல் 1859இல் விலகினார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல் இந்தியாவில் கால்வைத்த சில வாரங்களில் நோயுற்று மாண்டார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, இரு மேலாளர்களைக் கொண்டு வேலையை முடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பெண் இத்தகைய பணியை ஏற்றது வியப்புக்குரியதே. அண்மைக் காலத்தில் அவரைப் பற்றி விரிவாக எழுதப்படுவதும் நியாயமே. ஆனால் 1861இல் வேலை உச்சத்திலிருந்தபோது அந்தச் சரிவில் ஏறத்தாழ 42,000 பேர் உழைத்தார்கள். பாறையில் துளையிட்டவர்கள், கயிற்றில் தொங்கி வெடி வைத்தவர்கள், கூடையில் மண் சுமந்த பெண்களும் சிறுவர்களும். காலராவும் காய்ச்சலும் அங்கே ஆண்டுதோறும் வந்தன. அவர்களில் எவர் பெயரும் நூல்களில் இல்லை.

அவர்கள் வரலாற்றுக்குள் நுழைந்தது ஒரே ஒரு வழியில்தான். 1859 சனவரியில், கூலி ஒழுங்காகத் தரப்படாததால் கணவாய்த் தொழிலாளர் கலகம் செய்து ஐரோப்பிய மேற்பார்வையாளர்களைத் தாக்கினார்கள். அரசு விசாரித்தது. பொதுப்பணித் தொழிலாளரின் கூலித் தகராறுகளை நீதிபதி விரைந்து தீர்ப்பதற்கான சட்டம் அடுத்த ஆண்டே, 1860இல், வந்தது. ரயில்வே தொழிலாளர் வரலாற்றை எழுதிய இயான் கெர் இந்நிகழ்வுக்குத் தந்த முக்கியத்துவம், பாதை வரலாறுகளில் இன்னும் பொதுச் செய்தியாகவில்லை. 1863 ஏப்ரலில் ஆளுநர் பார்ட்டில் பிரியர் மலைப்பாதையைத் திறந்து வைத்தார். நான்கே ஆண்டில், 1867இல், அதிலிருந்த மவு-கி-மளி பாலம் இடிந்து விழுந்தது. விரைவுக்குக் கொடுத்த விலை எத்தகையது என்பதற்கு அதுவே போதும்.

மறுமுனையில் சென்னை ரயில்வே 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தன் முதல் பாதையைத் திறந்தது. அதன் தொடக்ககாலப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்லி புரூஸ் கட்டாய உழைப்பைத் தவிர்த்து, விரும்பி வருவோரைக் கூலிக்கு அமர்த்தியதற்காகக் குறிப்பிடப்படுகிறார். அது தனிச்சிறப்பாகக் குறிக்கப்படுவதே அன்றைய வழக்கம் எது என்பதைக் காட்டிவிடுகிறது. அரக்கோணத்திலிருந்து வடமேற்காகப் பிரிந்த கிளை ரேணிகுண்டா, கடப்பை, குத்தி, குண்டக்கல் வழியாக ஏறியது. பம்பாய்ப் பக்கத்திலிருந்து 1860இல் சோலாப்பூரை எட்டிய பாதை, குல்பர்கா, வாடி வழியாக இறங்கியது. கிருஷ்ணையையும் துங்கபத்திரையையும் பாலங்கள் தாண்டின. 1871இல் ராய்ச்சூரில் இரண்டும் சேர்ந்தன. சுமார் 1,280 கி.மீ. தொலைவு ஒரே அகலத் தண்டவாளத்தில் இணைந்தது.

பம்பாயும் கல்கத்தாவும் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜபல்பூரில் இணைந்திருந்தன. அந்த இணைப்பை வைத்து ஜூல் வெர்ன் 1872இல் எண்பது நாள் உலகப் பயணக் கதையை எழுதினார். ராய்ச்சூர் இணைப்புக்கு அத்தகைய கதை வாய்க்கவில்லை. இரு கம்பெனிகளின் எல்லைக் கல்லாக நின்ற அந்த நிலையம், கம்பெனிகள் போனபின்னும் நெடுங்காலம் நிர்வாக எல்லையாகவே நீடித்தது.

நிலப்படத்தில் இது ஒரே கோடு. தென்தமிழ்நாட்டுப் பயணிக்கு அவ்வாறு இல்லை. 1870இல் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்க இனி மீட்டர் பாதை போதும் என முடிவு செய்தது. தென்னிந்திய ரயில்வே அவ்வகையில் மதுரை தாண்டி, 1876இல் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் எட்டியது. அகலப்பாதை 1,676 மி.மீ.; மீட்டர் பாதை 1,000 மி.மீ. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. தெற்கிலிருந்து வருபவர் எழும்பூரில் இறங்கி, மூட்டைமுடிச்சுகளைச் சுமந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்ட்ரலுக்குப் போய்ப் பம்பாய் வண்டி பிடிக்க வேண்டும். இந்த இரண்டு கிலோமீட்டர் இடைவெளி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. தென்மாவட்டப் பாதைகள் அகலமாக்கப்பட்டது 1980களிலும் 1990களிலுமே. புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகள் பொதுவாக ஊரையும் நகரையும் மட்டும் பேசுகின்றன. நடுவிலிருந்த இந்த மாறுமிடத்தை, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ சத்திரத்திலோ கழிந்த அந்த இரவை, அவை கணக்கில் எடுப்பதில்லை.

திருநெல்வேலிக்கு ரயில் வந்த அதே 1876இல் தாதுவருடப் பஞ்சம் தொடங்கியது. சோலாப்பூர், ராய்ச்சூர், பெல்லாரி, கடப்பை என இப்பாதை கடந்த மாவட்டங்களே கடுமையாக வாடின. பாதை தானியத்தைக் கொண்டு வந்தது. அதை வாங்கும் காசைக் கொண்டு வரவில்லை. நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு தொகையும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் வகுத்த ‘டெம்பிள் கூலி’ அக்காலத்தது. ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்ற வாதத்துக்குப் பாதை திறந்த ஐந்தாம் ஆண்டே கிடைத்த மறுப்பு இது.

இப்பாதை பயணியிடம் முதன்முதலாகப் பெருமளவில் பெயர் கேட்டது 1890களின் இறுதியில். 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் நோயை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். சில மாதங்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. மிகச் சிறிய சட்டம் அது. ஆனால் ரயிலில் பயணம் செய்வோரைச் சோதிக்கவும், ஐயத்துக்குரியோரைப் பிரித்து வைக்கவும் அதில் வெளிப்படையாக அதிகாரம் தரப்பட்டது. நிலையங்களில் பயணிகள் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டி உள்ளதா என்று பார்க்கப்பட்டது. ஐரோப்பியருக்கும் மேல்வகுப்புப் பயணிகளுக்கும் சோதனை மென்மையாகவும், மூன்றாம் வகுப்பினருக்கு மேடையிலேயே பலர் முன்னிலையிலும் நடந்ததாகக் குறைகள் எழுந்தன.

சென்னை மாகாணம் இன்னும் ஓரடி முன்னே போயிற்று. நோய் பரவிய பகுதியிலிருந்து வரும் பயணிக்குப் ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்தது. அவருடைய பெயரும் போகும் ஊரும் எழுதப்பட்டன. ஊர் சேர்ந்த பிறகு பத்து நாள் அவர் நாள்தோறும் அதிகாரியின் முன் நேர்நின்று தம் உடல்நலத்தைக் காட்ட வேண்டும். கடல் கடக்காத, அரசு எல்லை தாண்டாத ஒரு தமிழர், சொந்த ஊருக்குத் திரும்ப வைத்திருக்க வேண்டியிருந்த பாஸ்போர்ட் அது. தமிழில் அச்சொல் வேரூன்றிய வரலாற்றைத் தேடுவோர் கப்பல் துறைகளை மட்டும் பார்க்காமல் ரயில் மேடைகளையும் பார்ப்பது நல்லது.

அதே நோயே மாட்டுங்காவையும் உருவாக்கியது. நெரிசலே பிளேக்குக்குக் காரணம் என்ற கருத்தில் 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அது வகுத்த திட்டமே அகலச் சாலைகளும் வட்டத் தோட்டங்களும் கொண்ட புறநகரை உண்டாக்கியது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, ரயில்வே அலுவலகங்களிலும் வங்கிகளிலும் எழுத்தராக வந்த தமிழர், பெரும்பாலும் பிராமணர், அங்கே குடியேறினார்கள். ஆஸ்திக சமாஜம் 1923இல் தோன்றியது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. 1942இல் ரயில் நிலையத்தின் அருகே ராமா நாயக் உடுப்பி உணவகத்தைத் தொடங்கினார். 1952இல் ஷண்முகானந்த சபா உருவானது. இந்த அமைப்புகளுக்கு ஆண்டறிக்கைகள், உறுப்பினர் பட்டியல்கள், நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கற்கள் உண்டு. மாட்டுங்காத் தமிழரின் பெயர்களைப் பாதை கேட்காவிட்டாலும் அவர்களே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

தண்டவாளத்தின் மறுபக்கத்தில் கதை வேறு. மாட்டுங்கா நிலையத்தின் கிழக்கே கோயிலும் சபாவும். மேற்கே 1915இல் நிறுவப்பட்ட ரயில் பெட்டிப் பணிமனை, அதற்கு அப்பால் மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி. அண்ணா பாவு சாட்டே போன்ற மராத்தித் தலித் கலைஞர்கள் இயங்கிய இடம் அந்த லேபர் கேம்ப். தாராவியில் முதல் தோல் பதனிடும் கூடம் 1887இல் வந்தது. ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடும் நுட்பத்தில் சென்னை மாகாணம் பெயர் பெற்றிருந்தது. தமிழ் முஸ்லிம் வணிகரும் அவர்களுக்கு உழைக்கத் திருநெல்வேலி ஆதி திராவிடரும் தாராவிக்கு வந்தார்கள். பின்னர் நாடார்களும் பிறரும் சேர்ந்தார்கள். பிள்ளையார் கோயிலும் ஆதி திராவிடர் மகாஜன சங்கமும் எழுந்தன. ஒரே வண்டியில் ஒரே நாளில் வந்திறங்கிய இரு தமிழர், சாதியைப் பொறுத்து ஒருவர் தண்டவாளத்துக்குக் கிழக்கேயும் மற்றவர் மேற்கேயும் போய்ச் சேர்ந்தார்கள். மும்பைத் தமிழர் என்ற ஒற்றைச் சொல் இந்தப் பிரிவை மூடிவிடுகிறது; ஊரின் அக்கிரகாரமும் சேரியும் இங்கே இருப்புப்பாதையின் இரு புறங்களாக மறுபிறவி எடுத்ததை அச்சொல்லால் சொல்ல முடியாது.

மொழி மட்டும் இருபுறத்திலும் ஒருசேர மாறியது. அறை ‘கோலி’ ஆயிற்று, தொடர்வீடு ‘சால்’ ஆயிற்று, முச்சந்தி ‘நாக்கா’ ஆயிற்று. விக்டோரியா டெர்மினஸ் 1996இலும் 2017இலும் பெயர் மாறிய பிறகும் பேச்சில் ‘வி.டி.’யாகவே இருக்கிறது. ‘ஊர்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த பொருள் ஒடுக்கம் இவற்றினும் குறிப்பிடத்தக்கது. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறையினரும் ‘ஊருக்குப் போகிறோம்’ என்றால் அது தமிழ்நாட்டையே குறிக்கும். தாராவிக்கு அச்சொல் வாய்ப்பதில்லை. பிறந்த இடத்தை ஊர் என்று சொல்லாத இவ்வழக்கத்தைத் திரும்பிப் போகும் வண்டி ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருந்ததுதான் காத்தது எனலாம். இலங்கை மலையகத்துக்கோ மலேயாவுக்கோ சென்றவர்களுக்கு அத்தகைய வண்டி இருக்கவில்லை.

இந்தப் பாதையில் வந்தவர்களுள் நாடறிந்த பெயர் எது என்று கேட்டால், தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கிய வரதராஜன் முதலியாரைத்தான் பலரும் சொல்வார்கள். அதுவும் 1987இல் வந்த ‘நாயகன்’ திரைப்படத்தின் உபயம். தோலை ஊறவைத்தும் உரோமம் நீக்கியும் கழிந்த பல்லாயிரம் வாழ்க்கைகளின் இடத்தைக் கடத்தல்காரர் ஒருவரின் கதை பிடித்துக்கொண்டது.

1966 சூன் 19 அன்று சிவசேனை தோன்றியது. பெயர் கேட்கப்பட்ட மற்றொரு தருணம் அது. நிறுவனங்களில் பணிபுரியும் தென்னிந்தியரின் பெயர்ப் பட்டியல்கள் ‘மார்மிக்’ இதழில் வெளியாயின. ரயில் கேட்காத பெயரை அரசியல் கேட்டது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. மாட்டுங்காவில் இடம் போதாத குடும்பங்கள் 1950களிலிருந்தே செம்பூருக்கு நகரத் தொடங்கியிருந்தன, அந்நகர்வு தொடர்ந்தது. செம்பூருக்குச் செல்லும் கிளைப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரக் குப்பையை ஏற்றிச் செல்வதற்காகப் போடப்பட்டது. பயணிகளுக்கு 1924இல்தான் திறந்துவிடப்பட்டது. 1971இல் பாந்திரா இறைச்சிக்கூடம் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாற்றப்பட்டதும் தாராவியின் பதனிடும் தொழில் தேய்ந்தது. 1990களின் தொடக்கத்தில் குர்லா டெர்மினஸ் திறக்கப்பட்டபின் தெற்கே போகும் வண்டிகள் பல அங்கிருந்து புறப்படலாயின. இன்று லோகமான்ய திலக் டெர்மினஸ் எனப்படும் அது செம்பூருக்கு மிக அருகில் இருக்கிறது. தமிழரின் வசதிக்காக எவரும் அவ்வாறு திட்டமிட்டதாகத் தெரியவில்லை. இடம் அங்கே காலியாக இருந்தது, அவ்வளவே.

முன்பதிவு கணினிமயமான 1980களிலிருந்து பெட்டியின் வாயிலருகே பெயர்ப் பட்டியல் ஒட்டும் வழக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். முன்பதிவில்லாப் பெட்டிக்கு அப்படியொரு பட்டியல் இருந்ததில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 1897ஆம் ஆண்டின் அதே கொள்ளைநோய்ச் சட்டம் மறுபடியும் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் தாராவியில் முதல் தொற்று பதிவானது. மே மாதம் முதல் தொழிலாளர் சிறப்பு வண்டிகள் ஓடின. மகாராஷ்டிரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் ஓடின. முன்கூட்டியே பதிவு செய்து, மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, மாநில அரசு தந்த பட்டியலில் பெயர் இருந்தவர் மட்டுமே அவற்றில் ஏறலாம். பிளேக் காலத்துக்குப் பிறகு, சாதாரணக் கூலித் தொழிலாளியிடம் இப்பாதை இவ்வளவு கண்டிப்பாகப் பெயர் கேட்டது அப்போதுதான். இரு முறையும் கேட்டது நகரை விட்டுப் போகிறவரிடம்.

இப்போது பெயர் கேட்பது வேறோர் இடத்திலிருந்து. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ் 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதன் பிறகு வந்தவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ. திட்டத்துக்காக மாட்டுங்கா–மாஹிம் பகுதியில் ரயில்வேக்குச் சொந்தமான 40 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் எடுக்கப்பட்டுள்ளது. தாராவியையும் சயானையும் இணைத்த, 1912இல் கட்டிய சாலை மேம்பாலம், ஐந்தாவது ஆறாவது தண்டவாளங்களுக்கு இடமளிக்க 2024 ஆகஸ்டில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. பாதை தன்னை அகலப்படுத்திக்கொள்ளும் அதே காலத்தில், அந்தப் பாதையில் வந்தவர்கள் தாங்கள் எப்போது வந்தோம் என்பதற்குச் சான்று தேடுகிறார்கள்.

டிரங்குப் பெட்டிகளிலிருந்து வெளிவருபவை 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த புகைப்பட அட்டை, குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, பழைய வாக்காளர் பட்டியலின் நகல். சிக்கல் அவை கிடைத்த பிறகும் முடிவதில்லை. தமிழரின் பெயர்மரபில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னொட்டாக நிற்கும். மராத்தி அலுவலகப் படிவமோ தன்பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்களைக் கேட்கும். மூன்றாம் கட்டத்தில் ஓர் அட்டையில் சாதிப்பெயரும், வேறொன்றில் தந்தை பெயரும், இன்னொன்றில் ஊர்ப்பெயரும் ஏறியிருக்கும். எழுத்துப்பெயர்ப்பு அதற்கு மேல். சுடலைமுத்து என்னும் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தேவநாகரிக்கு வரும்போது டகரம் தகரமாகி, ஐகாரம் நீண்டு ‘சுதலாய்முது’ ஆகிவிடக்கூடும். குடும்ப அட்டையிலிருப்பவரும் மின்கட்டண ரசீதிலிருப்பவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வாங்கும் வேலை, தாராவியின் நகலெடுக்கும் கடைகளில் நாள்தோறும் நடக்கிறது.